நாற்பத்தொன்றாவது படம்

"அப்பா, கண்ணாடி போட்டுக்கிட்டா தெரியறது நெஜமா, கழட்டினா தெரியறது நெஜமா?"

மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. கண்ணாடிக்காரர் அப்போது யாருடைய மூக்குக்கண்ணாடிக்கோ எள்ளளவு திருகாணி ஒன்றை ஏற்றிக்கொண்டிருந்தார். இன்னொரு திருகாணி அவருடைய உதடுகளுக்கு நடுவே இருந்தது. அதை விழுங்கிவிடாமல் பதில் சொல்ல வேண்டியிருந்ததால், "போட்டா தெரியறதுதாம்மா நெஜம். இல்லேன்னா நம்ம கடை எப்படி நடக்கும்?" என்று சுருக்கமாகச் சொல்லி முடித்தார்.

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை. வியாபாரி சொல்கிற பதில் எது, அப்பா சொல்கிற பதில் எது என்று குழந்தைகளுக்குச் சட்டென்று தெரிந்துவிடும். அந்தக் கேள்வியை அவள் அதற்குப் பிறகு வாயால் கேட்கவில்லை. ஆனால் பதினேழு வருஷம் கையிலேயே வைத்திருந்தாள்.

கடை ஆறடி அகலம். ஒரு பக்கம் மருந்துக்கடை, மறுபக்கம் சாவி வெட்டுகிறவர். பின்சுவரில் எழுத்துப் பலகை: மேல் வரியில் கையகல எழுத்து, கீழே போகப் போகக் கடுகு. ஓவியத்தில் இளநிலைப் பட்டம் வாங்கிய பிறகு மகள் அந்தப் பலகைக்கு எதிரே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கண் சோதிக்க வருகிறவருடைய பவர் என்ன என்று அப்பாவிடம் கேட்டுக்கொள்வாள். மைனஸ் மூன்று என்றால், சோதனைச் சட்டத்தில் பிளஸ் மூன்று வில்லைகளைச் செருகித் தன் மூக்கில் மாட்டிக்கொள்வாள். நல்ல கண்ணுக்கு இப்படித் தலைகீழ் வில்லையைப் போட்டால் அந்த ஆளின் மங்கல் ஏறக்குறைய அப்படியே வந்துவிடும். கண்ணாடித் தொழிலில் இருப்பவர்கள் விளையாட்டாகச் செய்து பார்ப்பதுதான் இது. அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து யாரும் படம் வரைந்ததில்லை. இவள் வரைந்தாள். அந்த மனிதருக்கு எழுத்துப் பலகை எப்படித் தெரிகிறதோ அப்படியே, ஒரே அளவு தாளில், ஆளுக்கு ஒரு படம். பின்பக்கத்தில் அவர் படிக்கும்போது சொன்னதைப் பென்சிலால் எழுதி வைப்பாள்.

லாரி ஓட்டுநர் ஒருவர்: "மேல இருக்கறது 'க'. கீழ இருக்கறதெல்லாம் எறும்புங்க."

ஒரு டீச்சரம்மா: "தெரியலைன்னு எழுதிடாதீங்க சார், இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு."

இப்படி நாற்பது படம் சேர்ந்தது. நாற்பத்தொன்றாவதாக அப்பாவின் பவரை எடுத்துக்கொண்டாள். மைனஸ் ஏழரை. அதற்கு மட்டும் அவள் எழுத்துப் பலகையை வரையவில்லை. பிளஸ் ஏழரையை மாட்டிக்கொண்டு, கடைக் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்து வரைந்தாள். தோளுக்குப் பின்னாலிருந்து அம்மா மட்டும் எட்டிப் பார்த்தாள். கண்ணாடிக்காரர் கேட்டதற்கு, "அட்மிஷன் வரட்டும்ப்பா, காட்டறேன்" என்று மூடி வைத்துவிட்டாள்.

அட்மிஷன் என்பது முதுநிலைக் கலைக் கல்லூரியில். அதன் கையேட்டின் பெயர், 'இசை, ஓவியம், வடிவமைப்பு: உங்கள் முன் அறுபத்துமூன்று வழிகள்'. முதுகலை ஓவியம், செய்முறையுடன். முதுகலை ஓவியம், செய்முறை இல்லாமல். ஓவியம் குறித்த உரையாடல், ஓராண்டு. அதே உரையாடல், ஈராண்டு. இசை நிர்வாகம். இசை கேட்டல், பகுதி நேரம். நாற்காலி வடிவமைப்பு. நாற்காலி நீங்கலான வடிவமைப்பு. இப்படியே போகும். மூன்று இரவுச் சாப்பாட்டு வேளைகளில் குடும்பமே அந்தக் கையேட்டைப் படித்தது.

"ஏன்டி, அறுபத்துமூணு இருக்கு, படம் வரையறது இதுல ஒண்ணே ஒண்ணுலதான் வருது?" என்றாள் அம்மா.

"அதனாலதாம்மா அதுக்கு மட்டும் போட்டி."

படைப்புகளின் மூலப்பிரதியைத்தான் அனுப்ப வேண்டும் என்பது விதி. நாற்பத்தொரு தாள்களையும் ஒரு கோப்பில் வைத்து நாடா கட்டி, கல்லூரி வாசலில் கொடுத்துவிட்டு வந்தாள். ஒன்பதாம் நாள் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தாள். பன்னிரண்டாம் நாள் இல்லை.

கண்ணாடிக்காரர் கடவுள் நம்பிக்கை உள்ளவர். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அந்தப் பதினோரு நாளும் முழங்காலில் நின்றவர். அதற்குப் பிறகும் அவர் சாமியைத் திட்டவில்லை. காலையில் எழுந்ததும் கும்பிடுவதற்குக் கையைக் குவிப்பார். ஆனால் சொல்வதற்கு ஒன்றும் வராது. குவித்த கையோடு சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுக் கடைக்குப் போவார்.

ஆறு வாரம் கழித்துக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது.

'அன்புள்ள விண்ணப்பதாரருக்கு, தாங்கள் சமர்ப்பித்த படைப்புகள் அனைத்தும் மங்கலாக உள்ளன. தெளிவான பிரதிகளுடன் நேரில் வரவும். தவறினால் தங்கள் எதிர்காலத்திற்கு நிர்வாகம் பொறுப்பல்ல.'

அதை இரண்டு முறை படித்துவிட்டு அவர் மனைவியிடம் நீட்டினார். அவள் கடைசி வரியில் விரலை வைத்து வெகுநேரம் நின்றாள்.

"ஏங்க, படமெல்லாம் அங்கதான இருக்கு? எல்லாத்தையும் கேக்க வேணாம். அந்தக் கடைசிப் படத்தை மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க, அதுல அவ முகம் இருக்கு. நம்மகிட்ட அவ வரைஞ்சது ஒண்ணுகூட இல்ல."

அது உண்மை. நல்லதாக இருந்த எல்லாவற்றையும் அவள் கோப்பில் வைத்துவிட்டாள். வீட்டில் மிஞ்சியது பாதி பிதுக்கிய வண்ணக் குழாய்கள்தான்.

கல்லூரியின் காத்திருப்புக் கூடத்தில் இருந்த நாற்காலிகள் மாணவர்கள் வடிவமைத்து, பரிசு வாங்கியவை. கண்ணாடிக்காரர் ஒன்றில் உட்கார்ந்தார். அது அவரை மெதுவாக முன்னால் தள்ளி எழுப்பி நிறுத்தியது. பக்கத்துச் சுவரில், 'அமர்தல் என்னும் அதிகாரத்தைக் கேள்விக்குள்ளாக்கும் நாற்காலி' என்று பலகை. கூடத்தில் இருந்த பதினேழு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். நாற்காலி வெற்றிதான்.

ஒன்றரை மணி நேரம் கழித்து அவரை ஆலோசகரிடம் அனுப்பினார்கள். சட்டைப்பையில் கல்லூரிச் சின்னம் குத்திய, நல்ல முகமுள்ள இளைஞன். அவன் எழுந்து நின்று வணங்கினான்.

"வாங்க சார், வாங்க. எந்த வழி யோசிச்சிருக்கீங்க?"

"வழி எல்லாம் இல்ல தம்பி. என் பொண்ணு இங்க படம் குடுத்திருந்தா. அதை வாங்கிட்டுப் போகலாம்னு..."

"பொண்ணுக்கா? ரொம்ப நல்லது. சார், ஒண்ணு சொல்றேன். எங்க கல்லூரி யாரையும் ஒதுக்கறதில்ல. அதுக்காகத்தான் அறுபத்துமூணு வழி வச்சிருக்கோம். எந்த வழியா வந்தாலும் கடைசியில ஒரே வரிசையிலதான் நிக்கணும். சமத்துவம்!"

"பொண்ணு இறந்துட்டா தம்பி."

ஆலோசகனின் கை கணினியின் மேல் நின்றது. அவன் கெட்டவன் அல்ல. முகம் வாடிவிட்டது. என்ன சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. தெரியாதபோது எல்லாரும் செய்வதைப்போல் அவனும் திரையைப் பார்த்தான். திரை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது.

"ரொம்ப வருத்தமா இருக்கு சார். அப்போ... இந்தப் பருவத்துல சேரமாட்டாங்க."

"மாட்டா."

"அடுத்த பருவத்துல?"

கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இல்ல சார், விண்ணப்பத்தைத் திரும்பப் பெறணும்னா விண்ணப்பதாரரே நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். வர முடியலைன்னா, ஏன் வர முடியலைன்னு அவங்களே ஒரு கடிதம் குடுக்கணும். அது முடியாதில்லையா. அதனால உங்களுக்காக ஒரு சலுகை பண்றேன். 'ஒத்திவைப்பு'ன்னு போட்டுடறேன். காரணம் கேக்குது. வேலை, கல்யாணம், வெளியூர்ப் பயணம், மற்றவை." அவன் குரலைத் தாழ்த்தினான். "மற்றவைன்னு போட்டுக்கறேன் சார்."

"படம்?"

"அது குழு கையில இருக்கு. இன்னைக்கே உக்காந்திருக்காங்க. உங்க அதிர்ஷ்டம்."

அதிர்ஷ்டம் என்ற சொல்லைக் கேட்டுக் கண்ணாடிக்காரர் சிறிது தலையை ஆட்டிக்கொண்டார். இளைஞன் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டான்.

குழு அறையில் மூன்று துறைத் தலைவர்கள் இருந்தார்கள். ஓவியத்துறைத் தலைவர் பருத்த மனிதர். வடிவமைப்புத் துறைத் தலைவி தன் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அந்த நாற்காலியை வடிவமைத்தவர் அவரே. இசைத்துறைத் தலைவர் கண்ணை மூடியிருந்தார். எதிரே பெரிய திரை. கண்ணாடிக்காரரை யாரென்று யாரும் கேட்கவில்லை. 'பிரதிநிதி' என்று ஒரு சீட்டில் எழுதி அவர் சட்டையில் குத்தினார்கள்.

"மங்கல்தான் பிரச்சினை," என்று ஆரம்பித்தார் ஓவியத் தலைவர். "நாற்பது வருஷமா ஓவியம் பாக்கறேன். தெளிவா இல்லாததை நான் மதிப்பிடறதில்ல. ஆனா ஒரு மாணவியோட உழைப்பைத் தூக்கி எறியவும் மனசு வரல. அதனால தெளிவாக்கக் குழுன்னு ஒண்ணு போட்டோம். நாலு பேர், மூணு வாரம். கணினியில ஏத்தி ஒவ்வொரு படத்தையும் கூர்மையாக்கிட்டாங்க. பாருங்க."

திரையில் படங்கள் வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக நாற்பது. எல்லாவற்றிலும் பளிச்சென்று அதே எழுத்துப் பலகை. லாரி ஓட்டுநரின் எறும்புகள் இல்லை. டீச்சரம்மா மறைக்கப் பார்த்த புகை இல்லை. ஒரு தையல்காரர் பார்த்த, ஓரங்களில் ஒழுகும் கருப்பும் இல்லை. நாற்பது பேரையும் யாரோ ஈரத்துணியால் துடைத்து எடுத்துவிட்டார்கள்.

முப்பது வருஷமாகக் கண்ணாடிக்காரர் செய்துவருவதும் இந்த வேலைதான். மங்கலைத் தெளிவாக்குகிற வேலை. ஆனால் அவர் அதைக் கண்ணுக்குச் செய்தார்.

"இப்ப தெளிஞ்சிடுச்சில்லையா," என்றார் ஓவியத் தலைவர், "தெளிஞ்ச பிறகு பார்த்தா நாற்பதும் ஒரே படம்! ஒரே எழுத்துப் பலகையை நாற்பது தடவை வரைஞ்சிருக்காங்க. சுயமா ஒண்ணுமில்ல. தன்னைத்தானே காப்பியடிக்கிறதும் காப்பிதான். அந்த அடிப்படையில நிராகரிச்சோம்."

"வில்லை பத்தின விஷயம்னு எங்களுக்கு அனுப்பினாங்க," என்றார் வடிவமைப்புத் தலைவி. "நான் கேட்டது ஒரே கேள்விதான். இதனால யாருக்குப் பயன்? மங்கலாத் தெரியறவங்களுக்கு அது ஏற்கெனவே தெரியும். தெளிவாத் தெரியறவங்களுக்கு அது தேவையில்ல. சந்தை எங்கே?"

"பின்பக்கம் சொற்கள் இருந்ததால எங்களுக்கும் வந்தது," என்றார் இசைத் தலைவர், கண்ணைத் திறக்காமல். "தாளம் இருக்கு. நான் மறுக்கல. ஆனா எந்தக் கருவிக்குன்னு குறிப்பிடல. மௌனத்துக்குன்னாலும் குறிப்பிட்டிருக்கலாம். மௌனத்துக்கும் எங்ககிட்ட முதுகலை இருக்கு. கட்டணம் ஒண்ணுதான்."

கண்ணாடிக்காரர் ஓர் அடி முன்னால் வந்தார். கைகளைக் கட்டிக்கொண்டார். பெரிய மனிதர்கள் முன்னால் அவருக்குக் கை தானாகக் கட்டிக்கொள்ளும்.

"ஐயா, நிராகரிச்சது சரிங்க. நான் குத்தம் சொல்ல வரல. நாற்பத்தொண்ணாவதா ஒரு படம் இருக்கும். அதை மட்டும் குடுத்தீங்கன்னா போயிடறேன்."

"ஆமாம், அது ஒண்ணு தெளியவே இல்ல," என்றார் ஓவியத் தலைவர். "கணினிக்கே தெரியல, முகமா சுவரான்னு. எதுக்கு உங்களுக்கு அது?"

"அவ முகம்ங்க. அவ இப்ப இல்ல. காய்ச்சல்ல போயிட்டா."

இசைத் தலைவர் கண்ணைத் திறந்தார். வடிவமைப்புத் தலைவி தன்னை மறந்து நாற்காலியில் உட்கார்ந்து, தள்ளப்பட்டு, மீண்டும் எழுந்தார். இவ்வளவு நேரத்தில் இப்போதுதான் மூவரும் அவரை நேராகப் பார்த்தார்கள். மனிதர்கள் என்னதான் இருந்தாலும் மனிதர்கள்தானே என்று கண்ணாடிக்காரருக்கு நெஞ்சு இளகியது.

"மறைந்த கலைஞர்," என்றார் ஓவியத் தலைவர் மெதுவாக.

"நம்ம சேகரிப்புல மறைந்தவங்க ரொம்பக் குறைவு," என்றார் தலைவி. "போன தரமதிப்பீட்டுல அதுக்குத்தான் நாலு மதிப்பெண் குறைச்சாங்க."

"இளம் வயசு வேற," என்றார் இசைத் தலைவர். "எங்க துறையில எல்லாரும் தொண்ணூறு வரைக்கும் இருந்துடறாங்க."

"அப்ப நிராகரிப்பை ரத்து பண்ணுவோம். 'மங்கல் தொகுப்பு'ன்னு பேர் வச்சு நிரந்தரச் சேகரிப்புல சேத்துடலாம். ஓவியத்துறை வழியா."

"பின்பக்கம் எங்களுது," என்றார் இசைத் தலைவர்.

யாருக்கும் வேண்டாமல் இருந்த பெண்ணுக்காக மூன்று துறைகளும் கால் மணி நேரம் சண்டை போட்டன. முன்பக்கம் ஓவியத்துக்கும், பின்பக்கம் இசைக்கும், கோப்பும் நாடாவும் வடிவமைப்புக்கும் என்று முடிவாயிற்று.

"ஐயா, அந்த ஒரு படம்..."

"பெரியவரே," என்றார் ஓவியத் தலைவர், உண்மையான கனிவோடு. "ஒண்ணை உருவினா தொகுப்பு உடைஞ்சு போகும். உங்க மகளோட பேர் நிலைக்கணும்னு உங்களைவிட எங்களுக்கு அக்கறை அதிகம். அவங்க பேரென்னன்னு கோப்புல இருக்கும், பாத்துக்கறோம்."

"ஒரு தடவை பாக்கவாவது..."

"பார்வைக்கு அனுமதி ஆய்வு மாணவர்களுக்கு மட்டும்தான். நீங்க வேணும்னா சேரலாமே! வயசு வரம்பு கிடையாது. வழி நாற்பத்தெட்டு, 'இழப்பும் காட்சியும்'. உங்களுக்குன்னே வச்ச மாதிரி இருக்கு."

கையில் ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். 'பார்வை மறுப்புச் சீட்டு'. பதிவறையில் கொண்டுபோய்ப் பதிந்து முத்திரை வாங்க வேண்டும். பதியாவிட்டால் மறுப்பு செல்லாது. வேறு யாராக இருந்தாலும் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வெளியே போயிருப்பார்கள். கண்ணாடிக்காரர், கொடுத்த வேலையை முடிக்காமல் போகத் தெரியாதவர். தன்னை மறுத்ததைப் பதிவு செய்துகொள்ள, படியிறங்கி அடித்தளத்துக்குப் போனார்.

பதிவறை நீளமான அறை. இரும்பு அடுக்குகளில் கோப்புகள். நடுவில் ஒரு மேசை, ஒரு சாதாரண மர நாற்காலி. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு அம்மாள் தாள்களை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடிக்கும்வரை நிமிரவில்லை. முடித்து, எழுதி, நிமிர்ந்தவர் கண்ணாடிக்காரரின் முகத்தைப் பார்த்தார். உடனே எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை இழுத்து அவர் பக்கம் போட்டார்.

"உக்காருங்கண்ணே. மொதல்ல உக்காருங்க."

காலையிலிருந்து அவர் முதல்முறையாக உட்கார்ந்தார். ஒரு மனிதனுக்கு நாற்காலி போடுவதற்கு எந்த முதுநிலைப் பட்டமும் வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கட்டடம் முழுவதிலும் அது தெரிந்தவர் அந்த ஒருவர்தான்.

பதிவறை அம்மாள் சீட்டை வாங்கிப் படித்தார். தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"பொண்ணா?"

"ம்."

"பேர் என்னண்ணே?"

அவர் பேரைச் சொன்னார். ஆறு வாரமாக யாரும் அதைக் கேட்கவில்லை. வீட்டில் இருவரும் அதைச் சொல்லாமல் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். சொன்னதும் குரல் உடைந்துவிட்டது. அம்மாளுக்கும் சொல்ல ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவர் திரையைத் தேடிப் போகவில்லை.

பிறகு அடுக்கிலிருந்து ஒரு கோப்பை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நான் டீ குடிக்கப் போறேன். வர அரை மணி ஆகும். எனக்கு இங்க எண்ற வேலைதான். யார் பாத்தாங்க, என்ன பாத்தாங்கன்னு கேட்டா எனக்கென்ன தெரியும்?"

அவர் போன பிறகு கண்ணாடிக்காரர் நாடாவை அவிழ்த்தார். அடியிலிருந்து கடைசித் தாளை எடுத்தார்.

முகம் இல்லை அது. வெளிர்ப்பழுப்பாக ஒரு திட்டு, அதன் மேல் கூந்தலின் கருமை, கண் இருக்க வேண்டிய இடங்களில் இரண்டு நிழல், கீழே ஒரு இளஞ்சிவப்பு அசைவு. கணினிக்குத் தெரியாததில் வியப்பில்லை. ஆனால் கண்ணாடிக்காரருக்கு அது பழகிய முகம். தினமும் காலையில், படுக்கைக்குப் பக்கத்தில் கைக்குத் தட்டுப்படாத கண்ணாடியை அவர் துழாவிக்கொண்டிருக்கும்போது, "இந்தாங்கப்பா" என்று எடுத்து நீட்டுகிற முகம். கண்ணாடியை மாட்டியவுடன் மறைந்துவிடுகிற முகம். வாழ்நாளில் முதல்முறையாக அதை அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

தாளைத் திருப்பினார். பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: 'அப்பா: கண்ணாடி இல்லேன்னா என்ன? நீ நிக்கறது தெரியாதா எனக்கு?'

எப்போதோ போகிற போக்கில் சொன்னது. சொன்னது அவருக்கே நினைவில்லை.

அம்மாள் திரும்பி வந்தபோது கோப்பு பழையபடி கட்டியிருந்தது. கண்ணாடிக்காரர் நாற்காலியை மேசைப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

"எடுத்துக்கிட்டீங்களா?"

"இல்லம்மா. கேக்காம எடுக்கக் கூடாதில்ல."

அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லாப் பொழைச்சீங்க போங்க!" என்று சொல்லிவிட்டு, தானே நாடாவை அவிழ்த்து, கடைசித் தாளை உருவி, பழைய செய்தித்தாளில் சுற்றி அவர் கையில் திணித்தார்.

"அம்மா, எண்ணிக்கை குறையுமே?"

"குறையட்டும். அடுத்த புதன்கிழமை மேலருந்து வந்து எண்ணுவாங்க. உள்ள என்ன இருக்குன்னு பாக்கமாட்டாங்க, எத்தனை தாள்னுதான் பாப்பாங்க. இங்க நாற்பத்தொண்ணுன்னு எழுதியிருக்கு. நாற்பதுன்னா எனக்கு ஒரு மெமோ. இருபத்தாறு வருஷத்துல ஒரு தாள் குறைஞ்சதில்ல, இது ஒண்ணு குறையட்டுமே. வாங்கிட்டுப் போங்கண்ணே, அண்ணி காத்துட்டிருப்பாங்க."

வீட்டில் மனைவி படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். அழுது ஓய்ந்து, படத்தைச் சுவரில் சாய்த்து வைத்த பிறகு அவள் கேட்ட முதல் கேள்வி, "அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆகாதில்ல?" என்பதுதான்.

அவர் புதன்கிழமை விஷயத்தைச் சொன்னார்.

"இருபத்தாறு வருஷமா?" என்றாள் அவள்.

"ம்."

நல்லவர்கள் செய்கிற உதவி இப்படித்தான். வாங்கும்போது லேசாக இருக்கும். வீட்டுக்கு வந்ததும் கனக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கண்ணாடிக்காரர் மனைவியோடு போய், பூட்டியிருந்த கடையைத் திறந்து, கதவை உள்பக்கம் சாத்திக்கொண்டார். மகள் வரையாமல் விட்ட வெற்றுத் தாள்கள் மூன்று அங்கே மிச்சம் இருந்தன. வீட்டிலிருந்து கொண்டுவந்த வண்ணக் குழாய்களை வரிசையாக வைத்தார். அவள் உட்காருகிற முக்காலியை எழுத்துப் பலகைக்கு எதிரே, அது இருந்த இடத்திலேயே வைத்தார். பிறகு எதிரில் உட்கார்ந்து தன் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார்.

அறுபது வயதில் முதல்முறையாகத் தூரிகை பிடிக்கிறவருடைய கை. முதல் தாள் ஊறிக் கிழிந்தது. இரண்டாவதில் முக்காலி ஆடு மாதிரி வந்தது. தண்ணீர் என்று நினைத்துத் தூரிகையைத் தேநீர்க் கோப்பையில் இரண்டு முறை அலசினார். பக்கத்தில் இருந்த மனைவி கோப்பையை எடுத்துவிட்டுத் தண்ணீர்க் கிண்ணத்தை அங்கே நகர்த்தி வைத்தாள்.

"இது பொய்யில்லையா?" என்று அவர் திடீரென்று கேட்டார்.

"என்ன பொய்? எண்ணத்தான போறாங்க. எண்ணிக்கை நெஜந்தான." அவள் சற்று யோசித்தாள். "அந்தம்மா பண்ணினது அது. நம்மால ஆனது இது. பாத்து வரைங்க, அந்தக் காலு கோணலாப் போகுது."

மூன்றாவது தாளில் அவர் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் வரைந்தார். மண்ணிறத்தில் ஒரு கரைசல், அது முக்காலி. பின்னால் பலகையின் வெண்மை. முக்காலிக்கு மேலே, ஒரு ஆள் உயரத்துக்கு, வெறும் சுவர். அந்த இடத்தில் தூரிகை வைக்க அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை. காயும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பின்பக்கம் பென்சிலால் எதுவும் எழுதவில்லை. அங்கே யாரும் எதுவும் பேசியிருக்கவில்லை.

திங்கட்கிழமை, சாப்பாட்டு வேளை பார்த்துக் கல்லூரிக்குப் போனார். கூடத்தில் ஆலோசகன் அவரைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். முகமெல்லாம் மகிழ்ச்சி.

"சார்! உங்களுக்கு நல்ல செய்தி. ஒத்திவைப்புக்கு அனுமதி கிடைச்சிருச்சு. சாதாரணமாக் குடுக்கமாட்டாங்க, நானே மேல போய்ப் பேசினேன். அடுத்த பருவம் முதல் நாள் காலையில ஒன்பது மணிக்கு அவங்க வந்துடணும். இடம் பத்திரமா இருக்கும்."

அவன் உண்மையிலேயே பாடுபட்டிருந்தான். தனக்குத் தெரிந்த ஒரே உதவியை அவன் செய்திருந்தான். கண்ணாடிக்காரர் அவன் தோளில் கை வைத்தார்.

"சொல்றேன் தம்பி," என்றார்.

பதிவறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. அம்மாள் சாப்பிடப் போயிருந்தார். கண்ணாடிக்காரர் அடுக்கில் எண்ணைத் தேடி, கோப்பை எடுத்து, நாடாவை அவிழ்த்தார். கொண்டுவந்த தாளை அடியில் வைத்தார். விளிம்புகள் ஒன்றாகச் சேரும்படி தட்டினார். பிறகு மேலிருந்து, தாளின் மூலையை மட்டும் தொட்டு, அவர்கள் எப்படி எண்ணுவார்களோ அப்படி எண்ணினார். நாற்பத்தொன்று. இன்னொரு முறை எண்ணினார். நாற்பத்தொன்று.

நாடாவைக் கட்டி, கோப்பை அதன் இடத்தில் செருகினார். கதவை, எப்படி இருந்ததோ அப்படியே பாதி திறந்தபடி விட்டுவிட்டுப் படியேறினார்.